அரசுத் தளத்துக்கு எந்த டிசைன் சிஸ்டம்? மூன்றாம் ஆண்டில் யார் பராமரிப்பார் என்று கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள்

மேலூர் பக்கத்து வட்டார அலுவலகத்தின் தகவல் தளம், மதுரை மாநகராட்சி வரிப் படிவம், அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கு மாடுபிடி வீரர்கள் பதிவுசெய்யும் பக்கம்: மூன்றுக்கும் சட்டம் ஒன்றுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. இந்திய அரசுத் தளங்களுக்கான ஜிஐஜிடபிள்யூ 3.0 வழிகாட்டி, டபிள்யூசிஏஜி 2.1 என்ற சர்வதேச அணுகல் தரத்தின் ஏஏ நிலையை (மூன்று நிலைகளில் நடு நிலை) எதிர்பார்க்கிறது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வழிசெய்யும் அணுகல் விதிகள் பரிந்துரையாக மட்டும் இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

சட்டம் ஒன்றானாலும், மூன்றுக்கும் ஒரே டிசைன் சிஸ்டம், அதாவது பட்டன், படிவம், நிறம் போன்றவற்றின் ஆயத்தத் தொகுப்பு, பொருந்தாது. முதல் நாள் எல்லாத் தளமும் அழகாகத்தான் இருக்கும். மூன்றாம் ஆண்டில் புதிய பதிப்பு வரும்போது அதை ஏற்ற ஆள் இருக்கிறாரா என்பதை வைத்தே இங்கே ஒப்பிடுகிறோம்.

எஸ்3வாஸ்

தேசிய தகவலியல் மையம் நடத்தும், இணையதளம் அமைத்துத் தரும் சேவை. மாவட்ட நிர்வாகத் தளங்கள் இதில் ஓடுகின்றன. நிரலைத் தொட முடியாது; அதுவே இதன் பலம். பாதுகாப்புத் திருத்தம், தீம் மாற்றம், மெனுவைத் தாண்டி நேரே உள்ளடக்கத்துக்குப் போகும் ஸ்கிப் லிங்க் எல்லாம் மேலிருந்து வந்துவிடும். நிரல் எழுதத் தெரிந்தவர் அலுவலகத்தில் இல்லையென்றால் இதையே எடுங்கள், மறுயோசனை வேண்டாம்.

ஆனால் ஏற்றும் உள்ளடக்கத்துக்கு அலுவலகம்தான் பொறுப்பு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய பிடிஎஃப், கண்ணுக்குத் தமிழ்; கோப்புக்குள் இருப்பவை ஆங்கிலக் குறிகள். பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் அதை அர்த்தமில்லாத ஒலிகளாக வாசிக்கும். யூனிகோடுக்கு மாற்றி, வேர்டில் தலைப்புகளுக்கு ஹெடிங் ஸ்டைல் கொடுத்து, டேக் (தலைப்பு எது, பத்தி எது என்று சொல்லும் குறி) உள்ள பிடிஎஃப் ஆகச் சேமிக்க வேண்டும். கையெழுத்து வாங்கி ஸ்கேன் செய்த ஆணை வெறும் படம்; அதன் முழு வாசகத்தையும் பக்கத்திலேயே எழுத்தாகப் போட வேண்டும். இந்த வேலையை எந்த டிசைன் சிஸ்டமும் செய்து தராது.

யூஎக்ஸ்4ஜி

தேசிய மின்னாளுமைப் பிரிவின் தொகுப்பு, பரவலாகப் புழங்கும் பூட்ஸ்ட்ராப் என்ற இணையப் பக்க வடிவமைப்புத் தொகுப்பின் அடிப்படையிலானது. மதுரையில் பூட்ஸ்ட்ராப் தெரிந்த டெவலப்பர் கிடைப்பது எளிது. செலவுக் கணக்கில் அது பெரிய சாதகம். பூட்ஸ்ட்ராப்பின் குறைகளும் கூடவே வரும். படங்கள் மாறி மாறி ஓடும் கரௌசல் பொதுவாக அணுகல் தரத்துக்கு ஒத்துப்போவதில்லை என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. முகப்பில் ஓடும் செய்திப் பட்டைக்கும் இதே கதி: 5 விநாடிக்கு மேல் தானாக நகர்ந்தால் நிறுத்தும் பட்டன் கட்டாயம். சித்திரைத் திருவிழா போக்குவரத்து மாற்றத்தை ஓடும் எழுத்தில் போடாதீர்கள், நிலையான பெட்டியில் போடுங்கள்.

நிறத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். தேசியக் கொடி காவி (255, 153, 51) மீது வெள்ளை எழுத்து வைத்தால் கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு) 2.13:1 மட்டுமே, சாதாரண எழுத்துக்குத் தேவை 4.5:1. கொடியின் பச்சை (நிறக் குறியீடு #138808) வெள்ளையோடு சேர்ந்தால் 4.61:1, தப்பித்துவிடும். வெள்ளைப் பின்னணியில் சாம்பல் எழுத்து என்றால் #767676 தேறும், #777777 தோற்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் கருவியில் அளந்துதான் முடிவெடுக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கும் மிதக்கும் பொத்தான் ஒன்றைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். லேபிள் இல்லாத பெட்டிக்கு அது லேபிள் தராது.

பிரிட்டனின் கவ்-யூகே, அமெரிக்காவின் யூஎஸ்டபிள்யூடிஎஸ்

இரண்டும் இலவசம், திறந்த மூலம். படிவம்தான் சேவையே என்றால் எங்கள் தேர்வு கவ்-யூகே. பிழை வந்தால் பக்கத்தின் மேலே தொகுப்பாகக் காட்டி, ஃபோகஸை (விசைப்பலகையும் ஸ்கிரீன் ரீடரும் நிற்கும் இடம்) அங்கே நகர்த்தி, ஒவ்வொரு வரியையும் உரிய பெட்டிக்கு இணைக்கும் முறை அதில் ஆயத்தமாக இருக்கிறது. ஜல்லிக்கட்டுப் பதிவுபோல அவகாசம் குறைவான படிவத்தில், எங்கே தவறு என்று தெரியாமல் தவிப்பவருக்கு அது பெரிய உதவி. பக்கத்தின் மொழியை மாற்றும் கூறு யூஎஸ்டபிள்யூடிஎஸ்ஸில் தனியாக இருக்கிறது. அந்த ஒன்றில் அமெரிக்கத் தொகுப்பு முந்துகிறது.

இரண்டிலுமே தமிழுக்கு என்று எதுவும் செய்யப்படவில்லை. கவ்-யூகேயின் எழுத்துருவைப் பிரிட்டன் அரசின் கவ்.யூகே டொமைனுக்கு வெளியே பயன்படுத்த உரிமையும் இல்லை. அதனால் தமிழுக்கான மாற்றங்களை மட்டும் கொண்ட தமிழ் அடுக்கு ஒன்றைத் தனிக் கோப்பாக எழுத வேண்டும். அதில் வர வேண்டியவை:

எழுத்துரு, நோட்டோ சான்ஸ் தமிழ் போல ஒன்று. வரி உயரம்: கவ்-யூகேயின் 19 பிக்சல் எழுத்துக்கு 25 பிக்சல் வரி, தமிழுக்கு நெருக்கம். 1.6 மடங்கு வையுங்கள். பட்டனுக்கு நிலையான உயரம் கொடுத்தால் ‘கூ’, ‘மு’ போன்றவற்றின் கீழ்ச்சுழி வெட்டுப்படும். பேடிங் (எழுத்தைச் சுற்றி உள் இடைவெளி) மட்டும் கொடுங்கள். பக்க மொழிக் குறி ‘டிஏ’ என்று இருக்க வேண்டும், ஆங்கில டெம்ப்ளேட்டை நகலெடுத்ததில் ‘இஎன்’ என்றே நின்றுபோனால் ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்க முயன்று தடுமாறும். நீளச் சொல்லையும் பாருங்கள். ‘மாற்றுத்திறனாளிகள்’ தலைப்பு அளவில் 320 பிக்சல் அகலத்தில் அடங்காமல் பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளும். சொல் உடைய அனுமதிக்கும் விதியைச் சேருங்கள்.

பலர் கவனிக்காத இடம் எழுத்து எண்ணிக்கை. ‘திருப்பரங்குன்றம்’ நமக்குப் 10 எழுத்து. உலாவியில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் 17 என்று எண்ணும். உயிர்மெய்யின் குறியும் புள்ளியும் அதற்குத் தனித்தனி. 200 எழுத்து எல்லை என்று எழுதிவைத்துவிட்டு, பாதி வழியிலேயே மனுவை மறித்தால் மனுதாரருக்குக் காரணம் புரியாது. உலாவியில் உள்ள, எழுத்துகளைப் பிரித்துத் தரும் இன்ட்டல் செக்மென்ட்டர் வசதி மூலம் எண்ணினால் சரியான எண் வரும். சர்வரிலும் அதே முறையில் எண்ண வேண்டும், இல்லாவிட்டால் அனுப்பிய பிறகு பிழை வரும். மீதி எண்ணிக்கையைச் சொல்லும் ஆங்கில வாசகத்தையும் மறக்காமல் தமிழாக்குங்கள்.

பராமரிப்பு இங்கேதான் கடினம். கவ்-யூகேயின் 5ஆம் பதிப்பு 2023 டிசம்பரில் வந்தபோது, பக்கத்தின் எச்டிஎம்எல்லில், பாடி டேக்கில் போட வேண்டிய கிளாஸ் பெயர் (ஸ்கிரிப்ட் தேடும் அடையாளம்) மாறியது. சிஎஸ்எஸ்ஸையும் ஜாவாஸ்கிரிப்டையும் மட்டும் புதுப்பித்து, எச்டிஎம்எல்லைப் பழையபடி விட்டால் ஸ்கிரிப்ட் இயங்காது. பக்கம் பார்க்க நன்றாகவே இருக்கும், பிழைத் தொகுப்புக்கு ஃபோகஸ் மட்டும் போகாது. கண்ணால் பார்ப்பவர் அதைக் கண்டுபிடிக்கவே மாட்டார். எச்டிஎம்எல்லை ஒவ்வொரு பக்கத்திலும் ஒட்டாமல், ஒவ்வொரு கூறுக்கும் ஒரே டெம்ப்ளேட் வையுங்கள். பதிப்பு தானாக மாறாதபடி அதன் எண்ணைத் துல்லியமாகப் பூட்டுங்கள். கவ்-யூகேயின் மூலக் கோப்பைத் திருத்தவே கூடாது.

சொந்தமாகக் கட்டுவது

வேண்டாம். எழுதியவர் வேலை மாறியதும் அது அநாதையாகிவிடும்.

சோதனை, டெண்டர்

எதை எடுத்தாலும் ஒவ்வொரு பதிப்பேற்றத்துக்கும் ஒரே வரிசை: அணுகல் பிழைகளைத் தானாகத் தேடும் ஆக்ஸ் கருவி, மவுஸைக் கழற்றிவிட்டு டேப் விசையால் முழுப் படிவம், 1280 பிக்சல் அகலத் திரையில் 400% பெரிதாக்கம், கணினியில் என்விடிஏ ஸ்கிரீன் ரீடர், ஆண்ட்ராய்டில் டாக்பேக் ஸ்கிரீன் ரீடரின் தமிழ்க் குரல். கருவி பச்சை காட்டியது என்பதற்காக மற்றவற்றை விடாதீர்கள். லேபிள் இருக்கிறதா என்று அது சொல்லும், அந்த லேபிள் புரிகிறதா என்று சொல்லாது. அதற்கு நாள்தோறும் ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துவோரே வேண்டும். மதுரை சுந்தரராஜன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. அணுகிக் கேட்டு, சோதிப்பவருக்கு உரிய ஊதியம் கொடுங்கள்.

அந்த ஊதியத்தையும், ஆண்டுக்கு இரண்டு பதிப்பேற்றத்துக்கான கூலியையும், தமிழ் அடுக்கின் மூலக் கோப்பை அலுவலகத்திடம் ஒப்படைக்கும் நிபந்தனையையும் டெண்டரிலேயே தனித் தலைப்பாக எழுதுங்கள். ‘பராமரிப்பு உட்பட’ என்று ஒற்றை வரியில் முடித்தால், சர்வர் ஓடுகிறதா என்று பார்ப்பதோடு ஒப்பந்ததாரர் நிறுத்திக்கொள்வார்.