பள்ளத்தை மூடவிடாதீர்கள், முதலில் குழாயைச் சோதிக்கச் சொல்லுங்கள்

புல்வெளிக்குத் தெளிப்பான் போட்டுக்கொடுத்த ஒப்பந்தக்காரரை நம்பி, வீட்டின் ஒரு சுவரையே கெடுத்துக்கொண்டோம். புதிதாகத் தெளிப்பான் போடப்போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வேலையைக் கொடுங்கள்.

வேலை முடிந்து நான்கைந்து மாதத்தில் படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறியது. பெயிண்ட் கொப்பளித்தது, அப்புறம் வெள்ளையாக உப்புப் பூத்தது. சுவருக்கு வெளிப்பக்கம்தான் புல்வெளி என்பதால் அதே ஆளைக் கூப்பிட்டோம். அவர் மண்ணைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இது சுவரோட கோளாறு, வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சா சரியாயிடும்" என்றார். அதையும் தானே அடித்துக்கொடுத்து, தனியாகப் பணம் வாங்கிக்கொண்டார். இரண்டே மாதத்தில் அதுவும் உரிந்தது. சுவரோரம் இருந்த மர அலமாரி அடியில் ஊறி உப்பிவிட்டது. உள்ளே இருந்த துணியெல்லாம் பூஞ்சை.

கடைசியில் வேறொரு பிளம்பர் வந்தார். எல்லாக் குழாய்களையும் மூடச்சொல்லி, தெளிப்பானின் டைமரையும் நிறுத்திவிட்டு, தண்ணீர் மீட்டரில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எண் நகர்ந்திருந்தது. தோட்டத்துக்குப் போகும் வால்வை மட்டும் மூடினார். மீட்டர் நின்றுவிட்டது. இவ்வளவுதான் சோதனை! பெயிண்ட் அடிக்கும் முன் இதைச் செய்திருந்தால் அலமாரியாவது மிஞ்சியிருக்கும்.

தோண்டினோம். மெயின் லைன் அஸ்திவாரத்திலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் போகிறது. வளைவில் இருந்த பிவிசி எல்போ, கையால் இழுத்ததும் கழன்று வந்தது. தெளிப்பான் வால்வுகளுக்கு முன்னால் இருக்கும் இந்தக் குழாயில் எந்நேரமும் அழுத்தம் இருக்கும். தெளிப்பான் ஓடாத வேளையிலும் கசியும். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலே நாளுக்குப் பத்து லிட்டருக்கு மேல் போய்விடும். எங்களுடையது சொட்டாக இல்லை, ஓட்டமாகவே இருந்தது. மணற்பாங்கான மண் என்பதால் மேலே ஈரமே தெரியவில்லை. போதாததற்கு, ஒரு தெளிப்பான் நேராகச் சுவரில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. டைமர் விடியற்காலை நான்கு மணிக்கு வைக்கப்பட்டிருந்ததால் நாங்கள் பார்த்ததே இல்லை.

அதனால் சொல்கிறேன்: குழாய் இணைப்புகளில் தடவிய பசை நன்றாகக் காய்ந்தபின், பள்ளம் திறந்திருக்கும்போதே குழாயில் முழு அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றி, இரண்டு மணி நேரமாவது ஒவ்வொரு இணைப்பையும் உங்கள் கண் முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். டேப்பை வைத்து அளவு தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு அப்புறம் மூடவிடுங்கள். குழாய் சுவரை ஒட்டிப் போகக் கூடாது. தரையின் சரிவும் வீட்டைவிட்டு வெளியே இறங்க வேண்டும். முதல் 3 மீட்டரில் 15 செ.மீ. இறக்கம் நல்லது. தெளிப்பான் வால்வுகளைத் தாண்டி உள்ள கசிவு மேலே சொன்ன மீட்டர் சோதனையில் சிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்கு ஒவ்வொரு வால்வுக்கும் உட்பட்ட தெளிப்பான்களைப் பகலில் தனித்தனியாக ஓடவிட்டு, எங்கே வீச்சு குறைகிறது, எங்கே கால் வைத்தால் மண் பொதபொதவென்று அமுங்குகிறது என்று நடந்து பார்க்க வேண்டும்.

தோண்டியவர்தான் உடைத்திருப்பார் என்கிறார் அந்த ஒப்பந்தக்காரர். கழன்ற எல்போவை எடுத்து வைத்திருக்கிறேன். உள்ளே பாதிச் சுற்றுக்குத்தான் பசை தடவியிருக்கிறது. வந்து பாருங்கள் என்று மூன்று முறை கூப்பிட்டுவிட்டேன், இன்னும் வரவில்லை.