வெண் ஈக்கு மஞ்சள் அட்டையா, வேப்பெண்ணெயா?

கொழும்பு வெள்ளவத்தையில் மொட்டை மாடியில் சாடித் தக்காளி வளர்ப்பவர்கள் பலரும் என்னிடம் கேட்பது இதைத்தான். செடியை லேசாகத் தட்டினால் மா தூவியது போல வெள்ளையாகப் பறக்குமே, அதற்கு என்ன செய்வது?

செலவு: மஞ்சள் அட்டை என்பது ஈ வந்து ஒட்டிக்கொள்ளும் பொறி. மஞ்சள் பிளாஸ்டிக் துண்டில் கிரீஸ் பூசினாலே தயார். வேப்பெண்ணெய் ஒரு போத்தல் பல மாதம் வரும்.

மழை: அட்டை நனைந்தாலும் துடைத்துப் பூசலாம். எண்ணெய் கழுவிப் போய்விடும். ஒக்டோபர், நவம்பரில் கொழும்பில் பின்னேர இடிமழை வழக்கம் என்பதால், வானம் பார்த்துத்தான் அடிக்க வேண்டும்.

பலன்: முக்கியமான வித்தியாசம் இங்கேதான். அட்டையில் ஒட்டுவது பறக்கும் ஈ மட்டும். இலையைத் திருப்பிப் பாருங்கள். நகராமல் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் சிறு செதில்கள்தான் குஞ்சுகள். அவற்றை அட்டை தொடாது. 1 லீற்றர் தண்ணீரில் 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், சில துளி திரவச் சவர்க்காரம் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரமாவது விடாமல் செய்யுங்கள்.

கன்று சின்னது, ஈ இன்னும் வரவில்லை என்றால் அட்டை போதும், வந்ததும் காட்டிக்கொடுக்கும். இலையில் பிசுபிசுப்பும் கரும்பூஞ்சணமும் கண்டால் எண்ணெய்தான். வெண் ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ் பிடித்த செடிக்கு இரண்டும் உதவாது. பிடுங்கிப் பையில் கட்டி அகற்றுங்கள், பக்கத்துச் சாடியாவது தப்பும்.