டிமாக்ஸா, ஸ்னாப்பா, பேஸா: உங்கள் நிரலை எந்தக் கோட்டுருவில் சோதிப்பது?

முனைகளும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் கொண்ட கோட்டுருவில் மிகப் பெரிய கிளிக்கை, அதாவது ஒன்றோடொன்று அனைத்தும் இணைந்த முனைக் கூட்டத்தை, தேடும் நிரலை எழுதுபவர் எவரும் முதலில் எடுப்பது டிமாக்ஸ் தொகுப்பைத்தான். 1992–93இல் நடந்த இரண்டாவது டிமாக்ஸ் சவாலுக்காகத் திரட்டப்பட்ட கோட்டுருக்கள் இவை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகளில் இவைதான் நிற்கின்றன. போட்டிக்கு இவை இனி உதவா என்பது என் கருத்து. ஆனால் நிரலின் குறையைக் காட்டிக்கொடுப்பதில் இவற்றுக்கு ஈடு இன்னும் வரவில்லை.

அதில் உள்ள பிராக் 800-4 என்ற கோட்டுருவைப் பாருங்கள். 800 முனைகள், அவற்றுக்குள் 26 முனைகள் கொண்ட கிளிக் ஒன்று ஒளிந்திருக்கிறது. அதிக விளிம்புள்ள முனையைப் பிடித்துக்கொண்டு போகும் நிரல் 21இல் முட்டி நிற்கும். ஒளித்த முனைகள் விளிம்புக் கணக்கில் கண்ணில் படாதபடிதான் அந்தக் கோட்டுருவை உருவாக்கினார்கள். என் முதல் நிரல் இரவெல்லாம் ஓடியும் 21ஐத் தாண்டவில்லை. திரும்பத் திரும்ப உள்ளே வரும் முனைகளுக்கு அபராதம் போடத் தொடங்கிய பிறகே 26 கிடைத்தது.

ஜான்சன் 32-2-4 வேறு விதமான பாடம். 32 பொருள்களிலிருந்து எடுத்த 496 ஜோடிகளே அதன் முனைகள். பொதுப் பொருள் இல்லாத ஜோடிகளை விளிம்பு இணைக்கும். 32 பொருள்களில் 16 ஜோடிகளுக்கு மேல் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. எனவே விடை 16. தாளும் பேனாவும்கூட வேண்டாம். ஆனால் இணைந்த முனைகளுக்கு வெவ்வேறு நிறமிட்டு, அந்த நிற எண்ணிக்கையையே கிளிக்கின் மேல்வரம்பாகக் கொள்ளும் நிரலுக்கு இந்தக் கோட்டுருவில் 30 நிறங்களாவது வேண்டும். 16க்கும் 30க்கும் நடுவே உள்ள அந்தப் பள்ளத்தில் அது கிளை கிளையாகத் தேடிக் களைத்துப்போகும்.

குறை என்னவென்றால், கிளிக் தொகுப்பில் மிகப் பெரியதற்கே 4000 முனைகள்தான்; பெரும்பாலானவற்றின் விடைகளும் எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு கோட்டுருவுக்கும் ஏற்ப நிரலின் அளவுருவைத் தனித்தனியே திருகி வைத்துக்கொண்டு வென்றதாகச் சொல்வது எளிது.

ஸ்டான்ஃபோர்டின் ஸ்னாப் தொகுப்பு இதற்கு நேர் எதிர். ஆர்குட் சமூக வலைத்தளத்தின் கோட்டுருவில் மட்டும் 30,72,441 முனைகள், ஏறத்தாழ 11.7 கோடி விளிம்புகள். எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். கலிஃபோர்னியா சாலைக் கோட்டுருவில் 19 லட்சத்துக்கு மேல் முனைகள் இருந்தும், முனைக்குச் சராசரியாக மூன்று விளிம்புகள்கூட இல்லை. எல்லா விளிம்புகளையும் தொடும் மிகச் சிறிய முனைக் கூட்டத்தைத் தேடும் முனை உறைப் புதிருக்கு, ஒற்றை விளிம்பில் தொங்கும் முனையின் அண்டை முனையைத் தேர்ந்தெடுத்துவிடலாம். இதுபோன்ற சுருக்க விதிகளிலேயே பெரும்பகுதி கரைந்துபோகும். நினைவகத்தை எப்படி ஆள்கிறீர்கள் என்பதைச் சோதிக்க ஸ்னாப் நல்லது. தேடலின் கூர்மையைச் சோதிக்க அது போதாது.

போஸ்லிப் தொகுப்பு சிறியது, கொடியது. அதன் 4000 முனைக் கோட்டுருவில் 100 முனைகள் கொண்ட கிளிக் ஒளிந்திருப்பது முன்பே தெரியும். அதைத் தேடி எடுப்பதுதான் பாடு.

போட்டி என்று வந்தால் என் வாக்கு பேஸ் சவாலுக்கு. 2016இல், கோட்டுரு மரத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்று அளக்கும் மர அகலத்துடன் தொடங்கிய அது, 2018இல் குறித்த முனைகளைக் குறைந்த செலவில் இணைக்கும் ஸ்டைனர் மரம், 2019இல் முனை உறை எனப் புதிரை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. 2019இல் முனை உறைக்கான 200 கோட்டுருக்களில் 100ஐ மட்டுமே முன்கூட்டிக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் 30 நிமிடம். மீதி 100ஐப் போட்டியாளர் யாரும் பார்த்ததில்லை. ஆகவே திருகி வைக்க வழியில்லை. புதிர் மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு ஆண்டின் மதிப்பெண்ணை அடுத்த ஆண்டுடன் ஒப்பிட முடியாது. அந்த இழப்பை நான் மனதார ஏற்கிறேன்.

என் சொந்தச் சோதனைக்கும் இப்போது இதே வழக்கம்தான்: கோட்டுருக்களில் பாதியைத் தனிக் கோப்புறையில் பூட்டி வைக்கிறேன், நிரலின் கடைசி வரி எழுதி முடியும் வரை அதைத் திறப்பதில்லை.