காட்டுக்கு எந்த நீளக் கத்தி: 10 செ.மீ.யா, 18 செ.மீ.யா?

மடக்காத கத்தி வாங்க நினைப்பவர்கள் முதலில் எஃகைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் முடிவு செய்ய வேண்டியது அலகின் நீளத்தை. எஃகு மாறினால் எத்தனை நாளுக்கு ஒருமுறை தீட்டுவது என்பது மாறும். நீளம் மாறினால் கத்தி செய்கிற வேலையே மாறிவிடும்.

ஒரு பக்கம் ஸ்வீடனின் மோரா கம்பானியன்: அலகு சுமார் 10 செ.மீ., தடிமன் 2.5 மி.மீ., உறையோடு சேர்த்தே 120 கிராமுக்குள். மறுபக்கம், அமெரிக்க மரைன் படை 1942-இல் ஏற்றுக்கொண்ட கா-பார்: அலகு 7 அங்குலம், அதாவது ஏறக்குறைய 18 செ.மீ. கத்தி மட்டுமே 300 கிராமுக்குக் குறையாது.

முகாமில் கத்திக்கு வருகிற வேலைகள் என்ன? கயிறு அறுப்பது, மீன் சுத்தம் செய்வது, கூடார முளை சீவுவது, தீ மூட்டச் சுருள் எடுப்பது. இந்தச் சுருள் வேலை ஒன்றே நல்ல சோதனை. கட்டைவிரல் பருமனில் காய்ந்த குச்சியை ஊன்றிக்கொண்டு, அலகை ஏறக்குறையப் படுக்கவைத்து, பிடிக்கு ஒட்டிய பகுதியால் கீழ்நோக்கித் தள்ள வேண்டும். சுருள் அறுந்து விழாமல் குச்சியிலேயே நிற்க வேண்டும். சின்னக் கத்தியில் கை கொடுக்கிற அழுத்தம் அப்படியே விளிம்புக்குப் போகிறது. பெரிய கத்தியில் முன்பாரம் மணிக்கட்டை இழுக்கும். கோணம் கொஞ்சம் கூடினாலும் சுருள் அறுந்துவிடும். முனையால் சிறு பள்ளம் தோண்டும்போது வித்தியாசம் இன்னும் அதிகம், ஏனென்றால் முனை விரலிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறது.

சரி, விறகு பிளப்பது? இங்கே பெரிய கத்திக்கு உண்மையான பலம் உண்டு. கத்தியை விறகின் தலையில் வைத்து முதுகில் கட்டையால் அடிக்கும்போது, அடிப்பதற்கு முனைப்பக்கம் சில செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கில் 10 செ.மீ. அலகு 6, 7 செ.மீ. விறகு வரைதான் தாங்கும், 18 செ.மீ. அலகு 13 செ.மீ. வரை போகும். மழையில் நனைந்த விறகின் உள்பகுதி காய்ந்திருக்கும் என்பதால் இது உயிர்காக்கும் திறமைதான். ஆனாலும் தீயைத் தொடங்க 6 செ.மீ. விறகே போதும். கா-பாரின் எஃகு தோல் பிடிக்குள் ஒல்லியாகிப் போவதால் கணு உள்ள கட்டையில் அதை அடிப்பதும் நல்லதல்ல. அடிக்கடி பிளப்பவர்களுக்கு மோராவின் கார்பெர்க் பொருத்தம்: 3.2 மி.மீ. தடிமன், எஃகு பிடியின் கடைசிவரை ஓடுகிறது.

கிளை வெட்டுவதில் பெரிய கத்தி ஜெயிக்கும், சின்னக் கத்தியோடு ஒப்பிட்டால் மட்டும். சிறு கோடரியோ நம் ஊர் அரிவாளோ பக்கத்தில் இருந்தால் அதற்கு வேலையே இல்லை. வடக்கு ஸ்காண்டிநேவியாவின் சாமி மக்கள் கிளை வெட்ட லெயுக்கு என்ற பெரிய கத்தியும், சீவுவதற்குத் தனியாக ஒரு சின்னக் கத்தியும் வைத்துக்கொள்வது வழக்கம்.

நடுவில் 13 செ.மீ. ரகங்களும் உண்டு. ஒரே கத்திதான், ரம்பம் கிடையாது என்றால் அதுவும் நியாயமான தேர்வு. ஆனால் ஸ்வீடன் விமானப்படை தன் விமானிகளுக்கு 1995-இல் தேர்ந்தெடுத்த ஃபால்க்னிவன் எஃப்1-இன் அலகு 9.7 செ.மீ.தான், உறுதியை நீளத்தில் தேடாமல் 4.5 மி.மீ. தடிமனில் வைத்தார்கள். அந்தத் தடிமனால் காய் நறுக்கும்போது அது கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

என் தேர்வு 10 செ.மீ. கத்தியும் ஒரு மடக்கு ரம்பமும். இரண்டும் சேர்ந்தே கா-பாரைவிடப் பெரிதாக எடை கூடாது. ரம்பம் கிளையை இன்னும் வேகமாக அறுக்கும். வாங்கும்போது பிடியையும் பாருங்கள்: நான்கு விரலும் முழுதாக உட்கார வேண்டும், ஈரக் கையில் விரல் விளிம்புப் பக்கம் வழுக்காமல் ஒரு தடுப்பு இருக்க வேண்டும்.