வெள்ளவத்தை விருந்தினர் விடுதி: சாப்பாடும் குப்பைத்தொட்டியும்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது இந்த விடுதி. அறை சுத்தம், இடியப்பமும் சொதியும் அருமை. எனக்குப் பிடித்தது வேறு: படியருகே தண்ணீர் பில்டர், பக்கத்தில் தரம் பிரிக்க மூன்று தொட்டிகள்.

பக்கத்து அறை ஜெர்மன் தம்பதி வெறும் போத்தல்களை நசுக்காமல் அடுக்கி வைத்து, எந்தக் கடையில் திருப்பிக் கொடுப்பது என்று கேட்டார்கள். அவர்கள் ஊரில் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றுக்கு 25 யூரோ சதம் வைப்புப் பணம், திருப்பிக் கொடுத்தால் கைக்கு வரும். ஜப்பான் பிள்ளை ஒன்று பிஸ்கட் உறையை மடித்துத் தன் பைக்குள்ளேயே வைத்தது. அங்கே வகுப்பறையைக் கூட்டுவதே மாணவர்கள்தான், தெருவில் குப்பைத்தொட்டியும் அரிது. நாங்கள் வாளியில் அளவாக அள்ளிக் குளிப்போம்; ஆனால் சோற்றுப் பொதி சுற்றிய லஞ்ச் சீட்டைக் கடற்கரையிலேயே விட்டுவிட்டு வருவோம். அது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

ஒரு பெரிய குறை. விருந்தினர் பிரித்துப் போட்டதையெல்லாம் பின்வாசலில் ஒரே சாக்கில் கொட்டுகிறார்கள். 2017இல் கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லயில் குப்பைமேடு சரிந்து வீடுகளைப் புதைத்த பிறகுமா? முதலாளியிடம் சொன்னேன், “சரி, பார்க்கிறேன்” என்றார். அதைத் திருத்தினால் ஐந்து நட்சத்திரம், இப்போதைக்கு மூன்று.