480 கிராம்: கசியும் கார் ஏசியோடு மூன்றரை ஆண்டுகள்

என் காரின் பானட்டைத் திறந்தால், முன்புறக் குறுக்குச் சட்டத்தில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஒட்டுத்தாள் தெரியும். ஆர்-134ஏ (ஏசிக்குள் சுழலும் குளிர்பதன வாயு), 480 கிராம் (அதன் முழு அளவு), பிஏஜி எண்ணெய் (கம்ப்ரசருக்கான செயற்கை எண்ணெய்) என்று மூன்றே விவரங்கள் அதில் அச்சிடப்பட்டுள்ளன. வண்டி வாங்கி ஆறு ஆண்டுகள் வரை அதை நான் படித்ததில்லை. படிக்க வேண்டிய தேவையும் ஏற்படவில்லை. ஏழாவது ஆண்டில் ஏசி குளிர்விக்கத் தயங்கத் தொடங்கிய பிறகு, இரண்டு முறை ஏமாந்து, மூன்றாவது முறைதான் அந்த எண்ணின் அருமை புரிந்தது. அதன் பின் மூன்று பழுதுகளைச் சரிசெய்து, வாயுவை ஐந்து முறை எடை பார்த்து, இன்று ஏறத்தாழ அமைதியான நிலைக்கு வந்திருக்கிறேன்.

முதல் அறிகுறி சாதாரணமானது. நெடுஞ்சாலையில் ஓடும்போது காற்று குளிர்ச்சியாகவே வந்தது. சிக்னலில் நின்றால் மட்டும் வெதுவெதுப்பானது. சில வாரங்களில், வாயுவை அழுத்திச் சுழலவிடும் கம்ப்ரசரின் கிளட்ச் சில நொடிகளுக்கு ஒருமுறை பிடித்து விட்டு, பிடித்து விட்டு ஒலிக்கத் தொடங்கியது. வாயு குறைந்தால் தாழ்வழுத்தப் பக்கத்தில் அழுத்தம் விரைவாக இறங்கும். சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தும். அழுத்தம் ஏறியதும் மீண்டும் ஓடவிடும். அதோடு டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து மெல்லிய சீறல் ஒன்றும் கேட்டது. அது வாயு வெளியேறும் ஒலி என்று நினைத்துப் பயந்தேன். உண்மையில், எக்ஸ்பான்ஷன் வால்வுக்கு (திரவத்தை அளந்து உள்ளே விடும் குறுகிய வழி) திரவமாக மட்டுமே வர வேண்டிய குளிர்பதனப் பொருள், அளவு குறைந்ததால் குமிழிகளோடு கலந்து வந்ததால் எழுந்த ஒலி அது.

முதலில் சென்ற பட்டறையில், "கேஸ் குறைஞ்சிருக்கு, போட்டுடலாம்" என்றார்கள். கேஜைப் (அழுத்தமானி) பொருத்தி, முள் ஏறும் வரை வாயுவை ஏற்றினார்கள். ஐந்து மாதம் நன்றாக ஓடியது. பிறகு வேறொரு பட்டறையில் அதே சடங்கு நடந்தது. இம்முறை ஏழு வாரங்கள்கூடத் தாங்கவில்லை. ஏசி வாயு பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய சுற்றுக்குள் அதே வாயு திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுழல்கிறது. குறைந்திருந்தால் எங்கோ ஒரு வழியாக வெளியே போயிருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு பொருளில்லை. இரண்டு பட்டறைகளிலும் அந்த வழியைத் தேடவில்லை. நானும் தேடச் சொல்லவில்லை.

மூன்றாவதாக அமைந்த மெக்கானிக்கிடம், உள்ளே இருக்கும் வாயுவை உறிஞ்சி எடுத்து எடைபோட்டு, மீண்டும் அளந்து நிரப்பும் இயந்திரம் இருந்தது. வாயுவை எடுப்பதற்கு முன், இரவெல்லாம் நின்ற வண்டியில் கேஜைப் பொருத்திக் காட்டினார். அன்று காலை வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ், முள் 6.7 பாரில் (பார் என்பது அழுத்த அலகு) நின்றது. "முழுசா கேஸ் இருக்கிற வண்டியிலும் இதே அளவுதான் சார் காட்டும்" என்றார். பிறகு இயந்திரம் வெளியே எடுத்தது 215 கிராம் மட்டுமே. பாதிக்கும் குறைவு.

இதன் காரணம் எளிமையானதுதான் என்றாலும், விளங்கிக்கொள்ள எனக்குச் சற்று நேரம் பிடித்தது. மூடிய கலத்துக்குள் திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும் வரை, அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே, அளவு அல்ல. சமையல் எரிவாயு உருளையில் கால் பங்கு மீதமிருந்தாலும் அடுப்பு முன்போலவே எரிவது இதனால்தான். கடைசித் திரவமும் ஆவியாகித் தீர்ந்த பிறகே நின்ற நிலை அழுத்தம் இறங்கத் தொடங்கும். இன்ஜின் ஓடும்போது கிடைக்கும் இரண்டு அழுத்தங்களும் பயனுள்ளவைதான். ஆனால் வெளி வெப்பம், ஈரப்பதம், விசிறியின் வேகம், இன்ஜினின் சுழற்சி என எல்லாவற்றுக்கும் ஏற்ப அவை மாறுவதால், அவற்றை வைத்து 480 கிராமா 400 கிராமா என்று யாராலும் சொல்ல முடியாது. சுற்றின் உடல்நலத்தை விசாரிக்கக் கேஜ் போதும். வாயுவின் அளவைச் சொல்லத் தராசுதான் வேண்டும்.

அன்று முதல் ஒவ்வொரு முறையும் எடுத்த எடையையும் நிரப்பிய எடையையும் சர்வீஸ் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வருகிறேன். இந்த முறையில் ஒரு குறையும் உண்டு. எண்ணெயில் கரைந்திருக்கும் வாயு முழுவதும் வெளிவராது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் இன்னும் குறைவாகவே வரும். ஆகவே ஒவ்வொரு முறையும் இன்ஜினை ஓட்டிச் சூடாக்கிய பிறகே எடுக்கச் சொல்கிறேன். அப்படியும் 15 கிராம் வரை முன்பின் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் பார்க்கிறேன்.

215 கிராமை எடுத்த அன்று, சுற்றை வெற்றிடமாக்கி 15 நிமிடம் காத்திருந்தோம், முள் அசையவில்லை. நல்ல செய்தி என்று மகிழ்ந்த என்னை மெக்கானிக் தடுத்தார். வெற்றிடத்தில் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள அழுத்த வேறுபாடு அதிகபட்சம் 1 பார், அதுவும் வெளியிலிருந்து உள்நோக்கி. ஓடும் நேரத்தில் கண்டென்சர் (வண்டியின் முன்புறத்தில் சூடான வாயுவைத் திரவமாக்கும் பகுதி) பக்கம் 15 பார் வரை உள்ளிருந்து வெளிநோக்கித் தள்ளுகிறது. ஒரு பாருக்கு அடங்கி இருக்கும் சிறு துளை பதினைந்து பாருக்கு அடங்கி இருக்க வேண்டியதில்லை. வெற்றிடமாக்குவதன் முதன்மை நோக்கம் ஈரத்தை விரட்டுவது: 25 டிகிரியில் நீர் கொதிப்பதற்கு அழுத்தம் சுமார் 32 மில்லிபாருக்குக் கீழே இறங்க வேண்டும், நல்ல பம்பும் முக்கால் மணி நேரப் பொறுமையும் அதற்குத் தேவை. கசிவுச் சோதனையாக அதை நம்பியது என் முதல் தவறு.

அன்று புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயத்தைச் சில மில்லிலிட்டர் சேர்த்து, 480 கிராம் நிரப்பி அனுப்பினார். மூன்று வாரம் கழித்து, இருட்டில், மஞ்சள் கண்ணாடி அணிந்து விளக்கைப் பிடித்தபோது கண்டென்சரின் கீழ் வலது மூலை பச்சையாக ஒளிர்ந்தது. விளக்கே இல்லாமல் பார்த்திருந்தாலும் பிடிபட்டிருக்கும் என்பது பிறகுதான் தோன்றியது: அந்த இடத்தில் மட்டும் புழுதி ஈரமாக, கரிய நிறத்தில் ஒட்டியிருந்தது. வாயு வெளியேறும் இடத்தில் எண்ணெயும் சிறிது சேர்ந்தே வெளிவரும். எண்ணெயில் தூசு படியும். முன்பம்பருக்குப் பின்னால் சேரும் சேறு ஈரத்தைத் தேக்கி, அலுமினியத்தை அரித்திருந்தது.

கண்டென்சரோடு ரிசீவர் டிரையரையும் மாற்றினோம். சுற்றைத் திறந்த பின் பழைய டிரையரை விட்டுவைப்பது வீண் சிக்கனம். அதனுள் இருக்கும் ஈரமுறிஞ்சி காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும்; பிஏஜி எண்ணெயும் அதே குணம் கொண்டது. கழற்றிய மூட்டுகளுக்கெல்லாம் புதிய ஓ-ரிங் போட்டு, எண்ணெய் தடவி, இரண்டு ஸ்பானர்களால் எதிரெதிரே பிடித்து முறுக்கினார். ஒரே ஸ்பானரால் முறுக்கினால் மெல்லிய அலுமினியக் குழாய் திருகிக்கொள்ளும். பழைய கண்டென்சரில் தங்கிப்போன எண்ணெய்க்கு ஈடாக, கையேடு சொன்ன அளவைப் புதியதில் ஊற்றினார். இதை மறந்தால் இன்று குளிரும், நாளை கம்ப்ரசர் இறுகும்.

வேலை முடிந்தது என்றே நம்பினேன். காற்றுத் துவாரத்தில் வெப்பமானி 7 டிகிரி காட்டியது; மூன்று மாதம், நான்கு மாதம் கழித்தும் அதே 7. ஆனால் ஆறு மாதத்தில் எடை பார்த்தபோது 390 கிராம்தான் வந்தது. குளிர்ச்சியில் துளியும் குறைவு தெரியாமலேயே 90 கிராம் போயிருந்தது. எடை பார்க்காமல் இருந்திருந்தால் அடுத்த கோடையில் மீண்டும் 'கேஸ் போட' வரிசையில் நின்றிருப்பேன். ஒப்பீட்டுக்குச் சொல்வதானால், ஒற்றை எவாப்பரேட்டர் (உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) கொண்ட ஆர்-134ஏ கார்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதி அனுமதித்த கசிவு ஆண்டுக்கு 40 கிராம். எனக்கு அரை ஆண்டிலேயே அதன் இரு மடங்கைத் தாண்டியிருந்தது.

இரண்டாவது தேடலில், தாழ்வழுத்தப் பக்கத்தில் வாயு நிரப்பும் முனையின் மூடியைத் திறந்து சோப்பு நீர் வைத்ததும் நிமிடத்துக்கு ஒன்றாகக் குமிழி வந்தது. டயர் வால்வுக்குள் இருப்பதைப் போன்ற சிறு ஊசிதான் அங்கும் இருக்கிறது. அதை மாற்றி, உள்ளே ரப்பர் வளையம் உள்ள புதிய மூடியைப் போட்டோம். மிக மலிவான பழுது. ஆகவே இதுவாகவே இருக்கட்டும் என்று மனம் விரும்பியது. அடுத்த ஆறு மாதம் கழித்து 405 கிராம். இழப்பு 90இலிருந்து 75ஆகக் குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஊசி சிறு திருடன். பெரிய திருடன் வேறெங்கோ இருந்தான்.

கண்ணுக்கு எட்டிய இடங்கள் எல்லாம் சுத்தமாக இருந்ததால் சந்தேகம் எவாப்பரேட்டர் மீது விழுந்தது. அது டேஷ்போர்டுக்குள், ஒரு பெட்டிக்குள் மூடப்பட்டிருக்கிறது. குளிர்ந்த பரப்பில் படியும் ஈரத்தால் எப்போதும் நனைந்திருப்பதால் சாயம் வெளிவந்தாலும் நீர் அதைக் கழுவிவிடும். எங்களுக்குக் கைகொடுத்தது மின்னணுக் கசிவு காட்டிதான். ஏசியை ஓட்டாமல் உள்ளே நீர் வடிந்து காயவிட்டு, விசிறியைச் சில நொடிகள் முழு வேகத்தில் ஓட்டி நிறுத்தி, கால் மணி நேரம் காத்திருந்து, கருவியின் முனையை நீர் வடியும் குழாயின் வாயில் வைத்தோம். இந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தது அடியில்தான் தேங்கும். கருவி அலறியது. ஆனாலும் உடனே நம்பிவிடவில்லை. சில கரைப்பான்களுக்கும் பசைகளுக்கும்கூட இந்தக் கருவிகள் கத்துவதுண்டு. ஆகவே திறந்த காற்றில் அமைதியாகும் வரை வைத்துவிட்டு, மூன்று முறை திரும்பச் சோதித்தோம். மூன்று முறையும் அதே இடத்தில் கத்தியது.

டேஷ்போர்டைக் கழற்றுவது சிறிய முடிவல்ல என்பதால் இன்னொரு சாட்சியும் வேண்டும் என்றேன். வாயுவை எடுத்துவிட்டு, எவாப்பரேட்டரை மட்டும் தனியே அடைத்து, உலர்ந்த நைட்ரஜனை 10 பாருக்கு ஏற்றி இரவு முழுவதும் விட்டார். காலையில் முள் 8.9 பார் காட்டியது. இரவில் வெப்பநிலை 10 டிகிரி குறைந்தாலே அழுத்தம் ஏறக்குறைய 0.35 பார் இறங்கும். அதைக் கழித்த பிறகும் முக்கால் பார் கணக்கில் உதைத்தது. (இந்தச் சோதனையைச் சாதாரண காற்று கம்ப்ரசரால் செய்யக் கூடாது; ஈரம் உள்ளே போய்விடும். ஆக்சிஜன் உருளையை அருகில்கூடக் கொண்டுவரக் கூடாது. எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.)

இதற்கிடையே, கசிவை அடைக்கும் திரவம் ஒன்றை ஊற்றிவிடலாம் என்று வேறு ஒருவர் யோசனை சொன்னார். மறுத்துவிட்டேன். அவற்றில் சில வகை, ஈரம் பட்டால் இறுகுபவை. துளையின் வாயில் மட்டும்தான் ஈரம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. எக்ஸ்பான்ஷன் வால்விலோ வாயு எடுக்கும் இயந்திரத்துக்குள்ளோ இறுகினால் இழப்பு பெரிது. அத்திரவம் ஊற்றிய வண்டியைத் தன் இயந்திரத்தில் பொருத்தவே மாட்டேன் என்று என் மெக்கானிக் முன்பே சொல்லியிருந்தார்.

பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஏர்பேக் தற்செயலாக விரிந்துவிடாமலிருக்கச் சற்று நேரம் காத்திருந்து தொடங்கிய வேலை இரண்டு நாள் நீண்டது. எவாப்பரேட்டரின் கீழ் விளிம்பில் மக்கிய இலைத்தூள் அப்பியிருந்தது; அதன் அடியில் அலுமினியம் வெண்பொடியாகப் பூத்திருந்தது. கேபின் ஃபில்டரை இரண்டு ஆண்டுகள் மாற்றாமல் ஓட்டியவன் நான்தான் என்பதால் யாரையும் குறை சொல்ல இயலவில்லை. எக்ஸ்பான்ஷன் வால்வையும் டிரையரையும் சேர்த்தே மாற்றினோம். மூடிய பிறகு வலப்பக்கம் ஒரு மெல்லிய கடகட ஒலி வந்து சேர்ந்தது. இன்றுவரை அது எந்த கிளிப் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அதன் பிறகு ஓராண்டு கழித்து எடுத்த எடை 465 கிராம். அடுத்த ஆண்டு, சென்ற மாதம் எடுத்தது, 460. கருவியின் பிழையையும், ரப்பர் குழாய்கள் வழியாக எந்த வண்டியிலும் நடக்கும் மெல்லிய ஊடுருவலையும் கணக்கில் கொண்டால், இதைக் கசிவு என்று சொல்ல மாட்டேன். குளிர்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை ஓட்டுகிறேன். கம்ப்ரசர் தண்டின் சீல் எண்ணெய் பட்டு நனைந்திருந்தால்தான் இறுக்கமாக இருக்கும். சென்ற சோதனையில் அந்தச் சீலைச் சுற்றி ஊசிமுனை அளவுக்குப் பச்சை ஒளிர்வு தெரிந்தது. மெக்கானிக்கும் நானும் நெடுநேரம் பார்த்தோம். எடை நிலையாக இருப்பதால் துடைத்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறோம்; அடுத்த எடையில் 440க்குக் கீழே வந்தால் கம்ப்ரசரைக் கழற்றுவதாக ஒப்பந்தம்.