ஸ்லிப் வந்தது, காசு வந்ததா? பாவித்த சாமான் விற்போருக்கு, காசு வாங்கும் வழிகள் பற்றி ஒரு விமர்சனம்

பாவித்த போன், தையல் மெஷின், கேஸ் அடுப்பு, மருந்தடிக்கும் மெஷின் என்று எதையும் இணையத்தில் விற்பது இப்போது பெரிய வேலையில்லை. இக்மன் விளம்பரத் தளத்தில் ஒரு படம், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் ஒரு படம் போட்டால் போதும், பொழுது சாய்வதற்குள் நாலு பேர் விலை கேட்டுவிடுவார்கள். சிக்கலெல்லாம் காசு கைமாறும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத் தோட்டங்களிலிருந்து விற்பவருக்கு மேலதிகமாக இரண்டு சங்கடங்கள் உண்டு. வங்கி டவுனில் இருக்கிறது. லயத்தில் சிக்னல் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. ஏமாற்றுகிறவர்கள் இந்த இரண்டையும் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஆகவே காசு வாங்கும் ஒவ்வொரு வழியையும் மலையகத்திலிருந்து விற்பவரின் பக்கம் நின்று பார்த்து, பத்துக்குப் புள்ளி போட்டிருக்கிறோம்.

முதலிடம், 9 புள்ளி, டவுனில் உள்ள காசு வைப்பு இயந்திரத்துக்கு. சிடிஎம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். உங்கள் கணக்கு இருக்கும் வங்கியின் இயந்திரத்துக்கு முன்னால், பகல் நேரத்தில், வாங்குபவரை வரச் சொல்லுங்கள். சாமானை அங்கேயே பார்க்கட்டும், போட்டுப் பார்க்கட்டும். திருப்தி என்றால் கணக்கு இலக்கத்தை நீங்களே அழுத்துங்கள். திரையில் உங்கள் பெயர் வந்ததும் அவர் நோட்டை வைப்பார். இயந்திரம் எண்ணும், சந்தேகமான நோட்டையும் கிழிந்து ஒட்டிய நோட்டையும் திருப்பித் தள்ளும். துண்டு வெளியே வரும்போது காசு கணக்கில் ஏறியிருக்கும். கள்ள நோட்டுப் பயமும் போலி ஸ்கிரீன்ஷாட் பயமும் ஒரே இடத்தில் தீர்ந்துவிடுகின்றன.

ஒரு புள்ளியைக் குறைத்ததற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான இயந்திரங்கள் அந்தந்த வங்கிக் கணக்குக்கு மட்டுமே காசு ஏற்கும். ஒரு தடவைக்கு இத்தனை நோட்டு என்ற எல்லையும் இருக்கும். பெரிய தொகையென்றால் இரண்டு மூன்று தடவை போட வேண்டிவரும். தோட்டச் சம்பளம் போடும் பத்தாம் திகதியை ஒட்டி வரிசையும் நீளம். இன்னொன்று: காசை உறைக்குள் வைத்துப் போடும் பழைய வகைப் பெட்டியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் போட்ட காசை ஊழியர் பிறகுதான் திறந்து எண்ணுவார். உறைக்குள் வெறும் கடதாசி இருந்தாலும் துண்டு வரும்.

வங்கி ஆப் வழியாக அனுப்பும் காசுக்கு 7 புள்ளி. வழி நல்ல வழிதான். குறைத்தது அதைச் சுற்றி நடக்கும் நாடகத்துக்காக. முதலில் இரண்டு பெயர்களைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கிகளை இணைக்கும் கொடுப்பனவு வலையமைப்பான லங்காபே நடத்தும் செஃப்ட்ஸ் வழியாக அனுப்பினால், வேறு வங்கிக் கணக்காக இருந்தாலும் காசு உடனே ஏறும். சனி, ஞாயிறு, போயா, நடுச்சாமம் எல்லாம் ஒன்றுதான். ஸ்லிப்ஸ் என்பது வேறு. (ரிசீட்டை நாம் ஸ்லிப் என்கிறோமே, அது இல்லை.) அதில் கொடுப்பனவுகள் தொகுதி தொகுதியாக, வங்கி நாட்களில் மட்டும் போகும். “இன்னைக்கு போயா அண்ணே, நாளைக்குக் காலையில விழுந்திடும், நீங்க சாமானை டிரைவர்கிட்ட குடுத்து விடுங்க” என்று ஒருவர் சொன்னால், அவர் ஸ்லிப்ஸில் போட்டிருக்கலாம், போடாமலும் இருக்கலாம். இரண்டிலும் உங்கள் பதில் ஒன்றே: நாளைக்கு விழுந்ததும் டிரைவர் வரட்டும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு: திகதி குறித்து வைத்த அனுப்பீடு. நாளை, நாளை மறுநாள் போகும்படி ஆப்பில் பதிந்தாலும் பச்சை நிறச் சரி அடையாளத்தோடு ஒரு திரை வரும். அதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, சாமான் கைக்கு வந்ததும் பதிவை இரத்துச் செய்துவிடலாம். அந்தப் படத்தில் பொய்யே இருக்காது. திகதி வரியை யாரும் வாசிப்பதில்லை, அவ்வளவுதான்.

போலி ஸ்கிரீன்ஷாட்டைச் சற்றுக் கிட்ட வைத்துப் பார்ப்போம். 48,000 ரூபாவுக்குப் பேசிய போன் என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் தொகை சரி, உங்கள் பெயர் சரி, கணக்கு இலக்கமும் சரி. பெயரையும் இலக்கத்தையும் கொடுத்தது நீங்கள்தானே. மேலே மூலையில் போனின் நேரம் 2.14 என்றிருக்கிறது, கீழே பரிமாற்ற நேரம் 2.31. பரிமாற்றம் நடக்குமுன்னமே அதைப் படம் பிடித்துவிட்டார்! சில படங்களில் தொகையின் எழுத்து மட்டும் பக்கத்து எழுத்தைவிடக் கொஞ்சம் தடிப்பாக இருக்கும், கமா இடம் மாறியிருக்கும், வங்கிக் கிளையின் பெயர் ஓரிடத்தில் ஒரு விதமாகவும் இன்னோர் இடத்தில் வேறு விதமாகவும் இருக்கும். ஆனால் இந்தத் துப்பறியும் வேலையை நம்பி இருக்காதீர்கள். திறமையாகச் செய்த படத்தில் எந்தப் பிழையும் இருக்காது. படம் எப்படியிருந்தாலும் அதற்கு மதிப்பு பூச்சியம் என்று வைத்துக்கொள்வதே நேரத்துக்கும் நல்லது.

குறுஞ்செய்தியும் அப்படியே. அனுப்புநர் பெயரைப் போலியாகப் போட்டு அனுப்பும் வழிகள் உண்டு. அப்படி வந்த செய்தி, உங்கள் வங்கியின் உண்மையான செய்திகள் இருக்கும் அதே இழையில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே போன மாதச் சம்பளச் செய்தி, கீழே இன்றைய பொய். பார்த்தால் சந்தேகமே வராது. எனவே ஆப்பை நீங்களே திறந்து ‘எடுக்கக்கூடிய மீதி’ எவ்வளவு என்று பாருங்கள். ஆப் இல்லையென்றால் ஏடிஎம்மில் கார்டைப் போட்டு மீதி பாருங்கள். அதுவும் முடியாவிட்டால், கார்டின் பின்பக்கம் அச்சான இலக்கத்துக்கு அழையுங்கள். வந்த செய்தியில் உள்ள இலக்கத்துக்கு அழைக்கக் கூடாது. “உங்க பக்கம் சிக்னல் இல்லாததால மெசேஜ் வரலை” என்ற பேச்சு மலையகத்துக்கென்றே தைத்த சட்டை. சிக்னல் இல்லாவிட்டால் உங்கள் போனுக்குச் செய்தி வராது, உண்மை. வங்கியின் கணினிக்கும் உங்கள் லயத்துச் சிக்னலுக்கும் சம்பந்தமில்லை. காசு வந்திருந்தால் டவுன் ஏடிஎம்மில் தெரியும்.

ஆப் வழியில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. இதில் விழுகிறவர், காசு உண்மையிலேயே வந்தும் மாட்டிக்கொள்கிறார். ஒருவன் உங்களிடம் வாங்குபவனாகப் பேசுகிறான். அதே நேரத்தில் உங்கள் போனின் படத்தைத் தன்னுடையதாக வேறு விளம்பரத்தில் போட்டு, குருநாகலிலோ காலியிலோ ஒருவரிடம் விற்பவனாகப் பேசுகிறான். அந்த ஆளுக்குக் கொடுப்பது உங்கள் கணக்கு இலக்கம். அவர் நம்பிக் காசு போடுகிறார், உங்கள் கணக்கில் 48,000 விழுகிறது, நடுவில் நின்றவன் ஆள் அனுப்பிப் போனை வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். போன் கிடைக்காதவர் பொலிஸுக்குப் போனால், முறைப்பாட்டில் வரும் கணக்கு இலக்கம் உங்களுடையது. கணக்கு முடங்கலாம், வாக்குமூலத்துக்கும் அலைய வேண்டிவரும்.

இதைத் தடுக்கும் வழி ஒன்றுதான்: சாமானை எடுக்க வருகிறவரே உங்கள் கண் முன்னால், தன் கணக்கிலிருந்து அனுப்ப வேண்டும். உங்கள் பக்கப் பதிவில் வரும் அனுப்புநர் பெயரும் அவருடைய அடையாள அட்டைப் பெயரும் ஒத்துப்போக வேண்டும். “மச்சான் போடுவான்”, “கடைக் கணக்கிலிருந்து வரும்” என்றால் விற்பனையை நிறுத்திவிடுங்கள். சம்பந்தமில்லாத பெயரில் காசு வந்துவிட்டால், வாட்ஸ்அப்பில் சொல்லும் இன்னொரு கணக்குக்கு நீங்களாகத் திருப்பி அனுப்பக் கூடாது. கிளைக்குப் போய் எழுத்தில் கொடுத்து, வந்த கணக்குக்கே திரும்பச் செய்ய வேண்டும். “தவறிப்போய் 15,000 கூடப் போட்டுட்டேன், அதை மட்டும் அனுப்பிடுங்க” என்ற கோரிக்கைக்கும் இதே விதி.

இனிப் புள்ளியே இல்லாத வழி. “காசு கட்டிட்டேன், இந்த லிங்கை அமர்த்தி ஏத்துக்கங்க” என்று ஓர் இணைப்பு வரும். திறந்தால் விளம்பரத் தளத்தின் நிறமும் சின்னமும், அல்லது ஒரு கூரியர் கம்பனியின் பெயரும் இருக்கும்; உங்கள் சாமானின் படமும் விலையும்கூட இருக்கும். கீழே கார்டு இலக்கம், பின்பக்கத்து மூன்று இலக்கம், பிறகு ஓடிபி (போனுக்கு வரும் ஒருமுறைக் கடவு இலக்கம்) கேட்கும். கியூஆர் படத்தை அனுப்பி ‘ஸ்கேன் பண்ணினால் காசு வரும்’ என்பதும் இதன் தம்பி. கடைகளில் காசு கட்டப் பாவிக்கும் லங்காகியூஆரில் ஸ்கேன் செய்கிறவர்தான் காசு கொடுக்கிறார். காசு வாங்க உங்கள் பெயர், வங்கி, கிளை, கணக்கு இலக்கம் போதும். கார்டின் இரகசிய (PIN) இலக்கமோ ஓடிபியோ காலாவதித் திகதியோ கேட்டால், அது உங்களிடமிருந்து எடுப்பதற்கு. அடையாள அட்டைப் படமும் கொடுக்க வேண்டாம்: கணக்கு இலக்கத்தோடு அடையாள அட்டை இலக்கமும் ஓர் ஓடிபியும் சேர்ந்தால், உங்கள் கணக்கை இன்னொருவரின் கொடுப்பனவு ஆப்பில் இணைத்துவிட வாய்ப்புண்டு.

கூரியரில் அனுப்பி, பொருள் சேர்ந்ததும் காசு வாங்கும் முறைக்கு 6. சின்னச் சாமானுக்கு நல்லது. கிளைக்கு நீங்களே போய்ப் பதிந்து, பொதியைக் கொடுத்து, இலக்கத்தை அவர்களுடைய பக்கத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். வாங்குபவர் ‘என்னோட கூரியர்காரரை அனுப்புறேன்’ என்றால் கதை முடிந்தது. ‘காசு ரெடி, விடுவிக்க 2,500 ரூபா காப்புறுதி கட்டுங்கள்’ என்று வரும் அழைப்பும் பொய். கூரியர் தன் கட்டணத்தை வசூலித்த காசிலிருந்தோ பதியும்போதோ எடுக்கும். வாங்குபவர் ஏற்காமல் திருப்பினால் போக்குவரத்துச் செலவு உங்கள் தலையில் விழலாம். திரும்பி வரும் பெட்டிக்குள் வேறு சாமான் இருக்கவும் கூடும். ஆகவே மூடுவதற்கு முன் ஒரே காணொளியாக எடுங்கள்: *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ இலக்கம் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி இலக்கம்), போன் திரை ஒளிர்வது, பெட்டிக்குள் வைப்பது, டேப் ஒட்டுவது, மேலே ஒட்டிய கூரியர் துண்டு. தோட்டத்து மேல் டிவிஷன் முகவரிக்கு வண்டி ஏறாத இடங்களும் உண்டு. கிளையிலேயே ஒப்படைப்பு, கிளையிலேயே பெறுதல் என்று பேசிக்கொண்டால் ‘ஆள் இல்லை’ என்று பெட்டி திரும்புவது குறையும்.

கைக்காசு 7. டவுனில், பகலில், கடைக்குள் அல்லது வங்கிக்குள் வாங்கினால் 8 கூடக் கொடுக்கலாம். 5,000 ரூபா நோட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். நோட்டில் அச்சான அதே பறவை நீரடையாளமாகத் தெரிய வேண்டும். அது மஞ்சள் காதுச் சின்னான், நம் மலைக்காட்டுப் பறவைதான். விரலால் தடவினால் அச்சு மேடாகத் தட்டுப்பட வேண்டும். ஒரு நோட்டைச் சோதித்துவிட்டுக் கட்டு முழுவதையும் நம்பாதீர்கள். கள்ள நோட்டு நடுவில்தான் செருகப்படும். றம்பொடை சுரங்கப் பாதைப் படம் உள்ள 1,000 நோட்டையும் இப்படியே பார்க்கலாம். இருட்டிய பிறகு ஓட்டோவுக்குள் எண்ணுவதைவிட, அந்த விற்பனை நடக்காமல் போவது மேல்.

ஈசி கேஷ், எம்கேஷ் போன்ற போன் பணப்பைகளுக்கு 5. சின்னத் தொகைக்குப் போதும், மெனுவுக்குள் போய் மீதியைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள்.

செக்குக்கு 1. உங்கள் கணக்கில் செக் போட்டாலும் ‘வைப்பு’ என்று தொகையோடு செய்தி வரும், புத்தக மீதியும் கூடும். செக் தீர்வாகும் வரை எடுக்கக்கூடிய மீதி கூடாது. வெள்ளி பின்னேரம் போட்டுவிட்டு அந்தச் செய்தியைக் காட்டிச் சாமான் கேட்பார்கள். செக் திரும்பியது திங்களோ செவ்வாயோதான் தெரியும்.

எந்த வழியானாலும் ஒரு துண்டு எழுதி இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்: திகதி, சாமான், ஐஎம்இஐ அல்லது தொடர் இலக்கம், விலை, காசு வந்த விதம், வாங்குபவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும். போன் என்றால் கூகுள் அல்லது ஐகிளவுட் கணக்கிலிருந்து வெளியேறுவது காசு ஏறிய பிறகுதான். பைக் என்றால் பதிவுப் புத்தகத்தையும் கையொப்பமிட்ட மாற்றுப் படிவத்தையும் அதுவரை உங்கள் கையில் வைத்திருங்கள்.

மாட்டிக்கொண்டால் நேரம்தான் முக்கியம். ஓடிபி கொடுத்துவிட்டீர்கள் என்றால் முதல் அழைப்பு உங்கள் வங்கிக்கு. கார்டையும் ஆப்பையும் முடக்கச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்கள். அடுத்தது, காசு போன வங்கிக்கு அறிவிக்கச் சொல்லுங்கள். இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டின் 101க்கும் சொல்லலாம். வங்கி கவனிக்கவில்லையென்றால் மத்திய வங்கியின் 1935. உரையாடலை அழிக்காதீர்கள், எதிராளி அழிக்குமுன் போன் இலக்கம் தெரியும்படி படம் பிடியுங்கள். பிறகு பக்கத்துப் பொலிஸ் நிலையம். முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். அவர்கள் எழுதினால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், விளங்காத மொழியில் இருப்பதற்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பதிவு இலக்கத்தையும் பக்கத்தையும் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள். மறுபடி வங்கிக்குப் போகும்போது கேட்பது அதைத்தான்.